சினை பிடிக்கவில்லையா? காளையையும் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: பொலிகாளை, பொலிகிடா, அதாவது சினைக்காக வைத்திருக்கும் காளையும் கிடாவும், சேர்க்கைப் பருவத்துக்கு முன்னால் அவற்றை எப்படிச் சோதிப்பது என்று. அதனால் வேறு கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்களிடம் 22 பசுக்கள், ஒரே காளை. போன பருவத்தில் 7 பசுக்கள்தான் சினை பிடித்தன. மற்றவற்றுக்குத் தாது உப்பு, கர்ப்பப்பைக்கு மருந்து, ஊசி என்று எல்லாம் பார்த்துவிட்டோம். காளை திடகாத்திரமாக இருக்கிறது, ஏறுவதிலும் குறையே இல்லை. அதையும் சோதிக்க வேண்டுமா டாக்டர்?

பதில்: காளையிலிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும். ஒரு பசுவுக்குக் கோளாறு என்றால் ஒரு கன்று போகும், ஒரே காளை வைத்திருக்கும் இடத்தில் அதற்குக் கோளாறு என்றால் அந்த வருடத்துக் கன்றுகள் மொத்தமும் போகும். இவ்வளவு எளிய கணக்கு இது, இருந்தும் சினை நிற்கவில்லை என்றதும் எல்லோர் கையும் பசுவைத்தான் சுட்டுகிறது. நல்ல பசுக்களை மலடு என்று சொல்லி விற்றுவிட்டு, அடுத்த பருவத்துக்கும் அதே காளையை விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்பதில்லை.

ஏறுவது வேறு, சினையாக்குவது வேறு. விரைக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஆண் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் தனி, விந்தணு உருவாகும் நுண்குழாய்கள் தனி. காய்ச்சலோ கடும் வெப்பமோ தாக்கினால் முதலில் அடிபடுவது அந்த நுண்குழாய்கள்தான், ஹார்மோன் செல்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். அதனால் ஆசை குறையாது, தெம்பு குறையாது, பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் விந்தில் உருப்படியான அணு இருக்காது. இதற்கு நேர் எதிரான காளையும் உண்டு: விந்து முதல் தரம், ஏறுவதற்கு மனசே இருக்காது.

பரிசோதனைக்குக் கொண்டுவரப்படும் காளைகளில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை தேறாமல் போவது சகஜம். இவற்றில் முழு மலடு குறைவு. பெரும்பாலும் அரைகுறைதான், எனக்கு அதிகக் கவலை தருவதும் இந்த அரைகுறைதான். முழு மலட்டுக் காளை முதல் இரண்டு மாதத்திலேயே மாட்டிக்கொள்ளும். அரைகுறைக் காளை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சினையாக்கிக்கொண்டே இருக்கும், கன்றுகள் மாதக்கணக்கில் சிதறிப் பிறக்கும், நாமும் தீவனத்தைச் சந்தேகிப்போம், வெயிலைச் சந்தேகிப்போம், காளையை விட்டுவிடுவோம். உங்கள் 22க்கு 7 அப்படித்தான் தெரிகிறது. சினை பிடிக்காத பசுக்கள் 21 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தனவா என்று நினைத்துப் பாருங்கள். வயது, உடல்வாகு எல்லாம் வேறுவேறாக உள்ள பசுக்கள் அத்தனையும் அப்படித் திரும்பினால், அவற்றுக்குப் பொதுவாக இருப்பது அந்தக் காளைதானே. தொற்றுநோயும் காரணமாக இருக்கலாம், அதைக் கீழே இன்னொரு வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன், படியுங்கள்.

கேள்வி: காளைக்கு இனப்பெருக்கத் தகுதிப் பரிசோதனை என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் என்னதான் செய்வார்கள்? காளைக்கு வலிக்குமா?

பதில்: விந்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள், விந்து வருவது கடைசியில்தான். முதலில் காளையை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். ஏறும்போது உடம்பின் பாரம் முழுக்கப் பின்னங்காலில் இறங்குகிறது, அதனால் குளம்பு வளர்ந்திருந்தாலோ மூட்டு வீங்கியிருந்தாலோ நல்ல விந்து இருந்தும் பயனில்லை. கண் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேய்ச்சலில் எந்தப் பசு பருவத்தில் இருக்கிறது என்பதைக் காளை பெரும்பாலும் கண்ணால்தான் முதலில் கண்டுபிடிக்கிறது. பல், உடல் எடை, முதுகு, இதெல்லாம் சட்டென்று முடிந்துவிடும்.

அடுத்து ஆண்குறியும் அதன் உறையும். இளம் காளைகளில் குறியின் அடியில் ஒரு மெல்லிய தசைநார் ஒட்டியபடியே நின்றுவிடுவதுண்டு, குறி வளைந்து வெளியே வரும், நுழையாது. மரு இருக்கலாம். உதிர்ந்த முடி வளையம் மாதிரி சுற்றி இறுகியிருக்கலாம், அப்படியே விட்டால் குறியையே அறுத்துவிடும். வேறு சில காளைகளில் குறி திருகுபோல் முறுக்கிக்கொள்ளும். இது இணையும்போது மட்டுமே தெரியும், அதனால்தான் பருவத்தில் இருக்கும் பசு ஒன்றிடம் காளையை விட்டு, பக்கத்தில் நின்று, குறி உண்மையிலேயே உள்ளே போகிறதா என்று உங்கள் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். தூரத்திலிருந்து பார்த்து "ஏறிவிட்டது" என்று முடிவு செய்யாதீர்கள்.

மலக்குடல் வழியாகக் கையை விட்டு உள்சுரப்பிகளில் வீக்கமோ வலியோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு விரைப்பை. இரண்டு விரைகளையும் கீழே இறக்கிப் பிடித்து, மிக அகலமான இடத்தில் நாடா வைத்துச் சுற்றளவு எடுப்பார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவு இது: 15 மாதம் வரை 30 செ.மீ., 18 மாதம் வரை 31, 21 மாதம் வரை 32, இரண்டு வயது வரை 33, அதற்கு மேல் 34. இவை ஐரோப்பிய இனக் காளைகளை வைத்து வகுத்தவை. திமில் உள்ள இனங்கள் மெதுவாகத்தான் பருவம் அடையும், அவற்றின் இளங்காளைகளை இந்த அளவால் மட்டும் கழித்துவிடாதீர்கள். அளவை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறோம் என்றால், விரை பெரிதாக இருந்தால் விந்தணு உற்பத்தி கூடும், அதோடு இந்தக் குணம் பரம்பரையாக இறங்கும். அளவு நன்றாக உள்ள காளையின் பெண் கன்றுகளும் சீக்கிரம் பருவத்துக்கு வருகின்றன. அதாவது நாடாவில் பார்க்கும் எண் நாளைய கிடேரிகளைப் பற்றியும் ஏதோ சொல்கிறது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த உண்மைகளில் இது ஒன்று.

கடைசியில் விந்து. பழகிய காளை என்றால் செயற்கைப் புணர்குழாயில் எடுக்கலாம், பழகாததற்கு மலக்குடல் வழியாக உள்சுரப்பிகளை நீவி எடுக்கலாம் அல்லது மின்தூண்டல் கருவி வைக்கலாம். மின்தூண்டல் காளைக்கு அசௌகரியம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நீவி எடுக்க முடியுமா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். எடுத்த விந்தில் முன்னோக்கி நீந்தும் அணுக்கள் குறைந்தது 30 சதவீதம், சரியான வடிவத்தில் உள்ளவை குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். வடிவத்துக்கு ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்பீர்கள். நீந்தும் வேகம் கண்ணாடித் துண்டு குளிர்ந்திருந்தால்கூடக் கெட்டுவிடும். 37 டிகிரிக்குச் சூடாக்காத கண்ணாடியில் வைத்தால் நல்ல விந்தும் செத்ததுபோல் கிடக்கும். வடிவம் அப்படி நிமிடத்தில் மாறாது, விரைக்குள் என்ன நடந்தது என்பதை அதுதான் நம்பகமாகச் சொல்லும்.

இன்னொன்று. நீண்ட நாள் ஓய்வில் இருந்த காளையின் முதல் விந்தில் பழைய, செத்த அணுக்கள் தேங்கியிருக்கும். முதல் மாதிரியை மட்டும் பார்த்துக் காளையைக் கழிக்கக் கூடாது, இரண்டாவது மூன்றாவது எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'தேறியது', 'தேறவில்லை' என்பதோடு 'தள்ளி வைக்கப்பட்டது' என்று மூன்றாவது முடிவும் உண்டு. 13 மாதக் காளைக்கு அப்படி வந்தால் பதற வேண்டாம், இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள், நிறைய தேறிவிடும்.

கேள்வி: எங்கள் செம்மறிக் கிடாவுக்கு ஐந்து வாரம் முன்பு கடும் காய்ச்சல். இப்போது நன்றாகத் தின்கிறது, ஓடுகிறது. இரண்டு வாரத்தில் மந்தையில் விடலாம்தானே?

பதில்: சோதிக்காமல் விடாதீர்கள். கிடாவுக்குக் காய்ச்சல் போய்விட்டது, விந்துக்கு இன்னும் போகவில்லை. இன்று வெளிவரும் விந்தணு இன்று உருவானது அல்ல. செம்மறிக் கிடாவில் ஓர் அணு உருவாகவே 47 முதல் 49 நாள் ஆகும், பிறகு விரையை ஒட்டியிருக்கும் நீண்ட சுருள்குழாயில் முதிர்ச்சி அடைய இன்னும் இரண்டு வாரம்போல. ஆக சுமார் 60 நாள். காளையில் உருவாக மட்டும் 61 நாள், மொத்தம் பத்து வாரத்தைத் தாண்டும். ஆண் பன்றியில் 39 நாளும் அதற்கு மேல் ஒரு பத்து நாளும்.

விரை உடம்புக்கு வெளியே தொங்குவதே அதைக் குளிர்ச்சியாக வைக்கத்தான். உடல் வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். காய்ச்சல் வந்தால் அந்த ஏற்பாடு குலைந்துவிடும். குளம்பழுகலில் நொண்டி நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது, நிழல் இல்லாத வெயில், விரைப்பையில் சொறி, பூச்சிக்கடி வீக்கம், விரைப்பையைச் சுற்றி அடர்ந்த கம்பளி, கொழுக்கவைத்ததில் விரைப்பையின் கழுத்தில் சேர்ந்த கொழுப்பு, இவை எல்லாமும் அதே கேட்டைத்தான் செய்யும். உங்கள் கிடாவைப் பொறுத்தவரை ஐந்தும் இரண்டும் ஏழு வாரம், காய்ச்சல் நாளில் பாதிப் பக்குவத்தில் இருந்த அணுக்கள்தான் அப்போது வெளிவந்துகொண்டிருக்கும். இன்னும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போட முடிந்தால் தள்ளுங்கள். முடியாது என்றால் விந்து பார்த்துவிட்டு விடுங்கள், அல்லது இந்தப் பருவத்துக்கு இன்னொரு கிடாவை ஏற்பாடு செய்யுங்கள். விரை நிரந்தரமாகக் கெட்டிருக்காவிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணமும் இதுதான். கோளாறு தெரிந்தால் சரிசெய்து, புது அணு வந்து, மறுபடி சோதிக்க நேரம் இருக்க வேண்டும். தீவனத்தை மாற்றுவது, குளம்பு வெட்டுவது, குடற்புழு மருந்து கொடுப்பது எல்லாம் அப்போதே. சேர்க்கைக் காலத்தில் கிடா தீவனத்தை மறந்து அலையும், உடல் எடையில் 15 சதவீதம் வரை இழந்துவிடும், அதனால் உள்ளே போகும்போதே சற்று சதைப்பிடிப்போடு போகட்டும்.

கேள்வி: மருத்துவர் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை நாங்களே கிடாவைத் தொட்டுப் பார்த்து ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: நிறையத் தெரிந்துகொள்ளலாம். கிடாவை நிற்கவைத்துப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு விரைகளையும் இரு கைகளில் மெதுவாக ஏந்துங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவா, பைக்குள் தடையின்றி மேலும் கீழும் நகர்கின்றனவா என்று பாருங்கள். நல்ல விரை முறுக்கிய புஜத்தைப்போல் இறுக்கமாக இருக்கும். பஞ்சுபோல் அமுங்கினால் உற்பத்தி குறைந்திருக்கிறது. கல்போல் இறுகி, நகராமல் ஒட்டியிருந்தால் பழைய அழற்சி. விரையின் அடிநுனியில் சின்ன உருண்டைபோல் ஒன்று தட்டுப்படும், அதுதான் சுருள்குழாயின் வால், விந்தணு சேர்ந்திருக்கும் கிடங்கு. அது ஒரு பக்கம் மட்டும் பெருத்து முடிச்சாக இருந்தால் உடனே அந்தக் கிடாவைத் தனியாகக் கட்டுங்கள். செம்மறிக் கிடாக்களில் புரூசெல்லா ஓவிஸ் என்ற கிருமி இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஒரு கிடாவிடமிருந்து மற்றக் கிடாக்களுக்குப் பரவும், ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்யலாம். ஆனால் கையில் முடிச்சு தட்டுப்படாத கிடாக்களிலும் தொற்று இருக்கலாம், அதனால் ஒன்றில் தெரிந்தால் எல்லாக் கிடாக்களுக்கும் ரத்தம் எடுங்கள்.

வளர்ந்த செம்மறிக் கிடாவுக்குச் சுற்றளவு 33 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 8 முதல் 14 மாதக் குட்டிக்கு 30 செ.மீ. ஒரு விரைதான் இறங்கியிருக்கிறது என்றால் அந்தக் கிடா எவ்வளவு அழகாக இருந்தாலும் சேர்க்கைக்கு வேண்டாம். சினையாக்கும்தான், ஆனால் அந்தக் குறை குட்டிகளுக்கும் இறங்கும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடித்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். செம்மறி, வெள்ளாடு, மாடுகளில் வரும் வேறு புரூசெல்லா வகைகள் மனிதருக்கும் தொற்றக்கூடியவை. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களை இந்த வேலையில் இறக்காதீர்கள்.

கேள்வி: காளைக்கு ஏறும் வேகம் குறைவாக இருக்கிறது, ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகுமா?

பதில்: வேண்டாம். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் ஏறினால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்து விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். காளை துள்ளும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உங்கள் காளையின் வேகக் குறைவுக்குக் கால் வலியோ முதுகு வலியோ காரணமாக இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: பரிசோதனையில் தேறிய காளையைத்தான் வாங்கினோம், சான்று கையில் இருக்கிறது. மூன்று வயதைத் தாண்டிய காளை. அது வந்த பிறகு பசுக்கள் சினை பிடிப்பதுபோல் இருந்து இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்து மறுபடி பருவத்துக்கு வருகின்றன. சான்று பொய்யா?

பதில்: சான்று பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது அன்றைய தேதிக்கு, பார்த்த விஷயங்களுக்கு மட்டுமே. வழக்கமான தகுதிப் பரிசோதனையில் இணையும்போது பரவும் தொற்றுகள் சேராது, அவற்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் சொல்லும் குறிகளைப் பார்த்தால் டிரைகோமோனாஸ் அல்லது கேம்பிலோபாக்டர் என்ற கிருமியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். இரண்டும் காளைக்கு எந்தத் துன்பமும் தராது, விந்தையும் கெடுக்காது, குறியுறையின் மடிப்புகளில் சத்தமில்லாமல் குடியிருக்கும். வயது ஏற ஏற அந்த மடிப்புகள் ஆழமாகும் என்பதால் மூத்த காளைகள் நிரந்தரமாகச் சுமக்கும். பசுவுக்குத் தொற்றினால் கரு தங்கியபின் கலைந்துவிடும், பெரும்பாலும் கண்ணில் படாத அளவு சிறிய கருவாகவே போய்விடும், நாம் 'சினை பிடிக்கவே இல்லை' என்று எழுதிக்கொள்வோம்.

காளையை உடனே பிரித்து வையுங்கள். ஒரு வாரமாவது ஓய்வு கொடுத்து, உறையின் உட்புறத்தைச் சுரண்டியோ கழுவியோ மாதிரி எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் முறை என்றால் வார இடைவெளியில் மூன்று முறை எடுத்து, மூன்றிலும் இல்லை என்று வந்தால்தான் நம்பலாம். டிரைகோமோனாஸ் உறுதியானால் அந்தக் காளையை வேறு யாருக்கும் பொலிகாளையாக விற்காதீர்கள், தயவுசெய்து. பசுக்கள் பெரும்பாலும் சில மாத ஓய்வில் தாமாகவே கிருமியைக் கழித்துவிடும், அவற்றை அவசரப்பட்டு விற்க வேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது பசுவிடமே போகாத இளங்காளையாகப் பாருங்கள், அது எவ்வளவோ பாதுகாப்பு.

கேள்வி: பருத்திக்கொட்டை கொடுத்தால் காளைக்கு நல்ல தெம்பு வரும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: பாலுக்காக வளர்க்கும் பசுவுக்கு அளவோடு கொடுப்பது வேறு. பொலிகாளைக்கு, அதிலும் வளரும் காளைக்கு, நான் கொடுக்க மாட்டேன். பருத்திக்கொட்டையில் உள்ள காசிப்போல் என்ற பொருள் விந்தணுவின் நடுப்பகுதியைச் சிதைக்கிறது, அணுவுக்கு நீந்தும் சக்தி தரும் இடம் அது. நிறுத்தினால் சில மாதத்தில் சரியாகும். அதேபோல் ஆட்டுக்கிடாவைத் தேற்றுகிறேன் என்று தானியத்தை வாரிக் கொட்டினால் சிறுநீர்ப்பாதையில் கல் அடைத்துக்கொள்ளும். தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து பாஸ்பரஸைப்போல் இரண்டு மடங்கு இருக்கட்டும், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: கொம்பில்லாத வெள்ளாட்டுக் கிடா வைத்திருக்கிறேன். கொம்பில்லாத பெட்டைகளோடு சேர்த்ததில் ஒரு குட்டி ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் பிறந்தது. கிடாவில் குறையா?

பதில்: கிடா, பெட்டை இரண்டிலிருந்தும் வந்தது. வெள்ளாட்டில் பிறவியிலேயே கொம்பில்லாத தன்மையைத் தரும் மரபணு, இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால், பெண்ணாகப் பிறக்க வேண்டிய குட்டி இருபாலாக மாறிவிடும், ஈனாது. அப்படி இரு பக்கத்திலிருந்தும் பெற்ற கிடாக்களில் சிலவற்றுக்கு விந்துக்குழாய் அடைத்து மலடாவதும் உண்டு, விரையின் மேல் பக்கம் முடிச்சு தட்டுப்படும். இணையில் ஒன்றுக்குக் கொம்பு இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். சுட்டுக் கொம்பெடுத்த ஆடு கொம்புள்ள ஆட்டுக் கணக்குதான், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எல்லாம் சரி டாக்டர், எங்களுக்கு நேரமே இல்லை. அடுத்த வாரம் 60 செம்மறிகளுக்குள் இரண்டு கிடாக்களை விடுகிறோம். இனி என்ன செய்ய முடியும்?

பதில்: கையால் தொட்டுப் பார்ப்பதை மேலே சொன்னபடி இன்றே செய்துவிடுங்கள். எண்ணிக்கை சரிதான், வளர்ந்த ஒரு கிடா 40 பெட்டை வரை தாங்கும், ஒரு வயது நிறையாத கிடாவுக்கு 20ஐத் தாண்டாதீர்கள். ஆனால் இரண்டையும் ஒன்றாக விட்டால் வலுத்த கிடா மற்றதை அண்டவிடாது, வலுத்ததே மலடாக இருந்துவிட்டால் நல்ல கிடா இருந்தும் வீண். அதனால் மந்தையை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு 30 விடுங்கள்.

அப்புறம் கிடாவின் நெஞ்சில் வண்ணம் பூசுங்கள். வண்ணக்கட்டி மாட்டும் வார்ப்பட்டை கிடைத்தால் அது, இல்லையென்றால் கம்பளிக்குக் கேடு செய்யாத வண்ணப்பொடியை எண்ணெயில் குழைத்து இரண்டு நாளுக்கு ஒருமுறை தடவுங்கள். ஏறிய பெட்டையின் பின்முதுகில் நிறம் ஒட்டும். வெளிர் நிறத்தில் தொடங்குங்கள், செம்மறியின் பருவச் சுழற்சி 17 நாள் என்பதால் 17ஆம் நாள் அடர்ந்த நிறத்துக்கு மாற்றுங்கள். முதல் நிறம் பட்ட பெட்டைகளில் இரண்டாம் நிறம் ஏறுவது ஒன்றிரண்டு என்றால் நல்லது. ஒரு கிடாவின் பக்கம் மட்டும் பாதிக்கு மேல் மறுபடி நிறம் ஏறினால் அன்றைக்கே அதை வெளியே எடுத்துவிட்டு, மற்றக் கிடாவை அந்தக் கூட்டத்துக்கும் விடுங்கள், 60ம் ஒன்றுக்கு அதிகம்தான், ஆனால் பாதி ஏற்கெனவே சினையாகியிருக்கும். எந்தப் பெட்டையிலும் எந்த நிறமும் இல்லை என்றால் ஆசையிலோ காலிலோ கோளாறு. 17 நாளில் தெரிந்துகொண்டால் பருவத்தைக் காப்பாற்றிவிடலாம், ஐந்து மாதம் கழித்துக் குட்டி வரவில்லை என்று தெரிந்துகொண்டால் முடியாது. எந்த எண் ஆட்டில் என்றைக்கு எந்த நிறம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மருத்துவர் வரும்போது அதைக் காட்டுங்கள்.